முடுக்கினது யார்

"கெட்டி புஷ்ஷே குடுங்கங்கறேன், இவ பேச்ச எதுக்குக் கேக்கறீங்க..."

"ரப்பரே குடுங்கய்யா, பின்னாடி உக்கார்ற பொம்பளைங்க இடுப்பு என்னத்துக்கு ஆவுறது..."

"என் தங்கச்சி கைய ஒடிச்சவ, ஊரு இடுப்பப் பத்திப் பேச வந்துட்டா!"

பெரம்பலூர் உதிரிபாகக் கடைக்காரர் பஞ்சநாதன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். செந்துறையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்த புருஷன் பெண்டாட்டி, கலைமணியும் மணிமொழியும். அவர் முன்னால், சக்கரத்தைத் தாங்கும் கம்பிகளின் மூட்டில் மாட்டும் புஷ் வளையங்கள் இரண்டு வகை இருந்தன. கறுப்பு ரப்பர், குலுக்கலை வாங்கிக்கொண்டு சீக்கிரம் தேயும். நகம்கூடப் பதியாத மஞ்சள் வகை வருஷக்கணக்கில் உழைக்கும். ஆனால் பள்ளம் மேட்டையெல்லாம் உட்கார்ந்திருப்பவர்களின் முதுகுக்கே அனுப்பிவிடும்.

அவர்களுடைய ஜீப்புக்கு முப்பது வயது. பருத்தி எடுக்கப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு காட்டுப் பாதைகளில் அதை ஓட்டியது மணிமொழிதான். போன மாதம் கீழப்பழுவூர் தாண்டி, வண்டி திடீரென்று இடப்பக்கம் இழுத்து வாய்க்காலில் இறங்கியது. கலைமணியின் தங்கை மலர்கொடிக்கு வலது கை முறிந்தது. "இவ முடுக்குன முடுக்குலதான்" என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே சொன்னான் கலைமணி. அன்றிலிருந்து மலர்கொடி அண்ணியோடு பேசுவதில்லை. கொடுத்தனுப்பிய சோறு மூடி திறக்காமல் திரும்பி வந்தது. மெதுவாத்தான் வந்தேன், மெதுவாத்தான் வந்தேன் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் மணிமொழிக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டிருந்தது.

பஞ்சநாதன் அவர்கள் கொண்டுவந்த பழைய புஷ்ஷைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். ரப்பர் ஒரே பக்கமாக முறுக்கிக் கிழிந்திருந்தது.

"ரப்பர் மேல குத்தமில்ல. முடுக்குனதுலதான் தப்பு."

"அப்படிச் சொல்லுங்கய்யா! ஒரு மாசமா நான் என்ன சொல்றேன்? இவ முடுக்குனதாலதான்..."

"அட, ஓட்டுனதச் சொல்லலப்பா. போல்ட்ட முடுக்குனதச் சொல்றேன். ஜாக்கியில சக்கரம் தொங்கறப்பவே முடுக்கிட்டா, எறக்குனதும் ரப்பர் முறுக்கிக்கும். கொஞ்ச நாள்ல பிஞ்சிடும், வண்டி ஒரு பக்கமா இழுக்கும். சக்கரம் தரையில உக்காந்த பொறவுதான் கடைசி முடுக்கு. எந்த மடையன் மாட்டுனான் இத?"

கலைமணி மஞ்சள் புஷ்ஷை எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மணிமொழிக்கு ஞாபகம் வந்தது. மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள். வேப்பமரத்தடியில் ஜாக்கி போட்டு, அவன் இந்த புஷ்ஷை மாட்ட வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்தான். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தது அவள்தான். "இப்பவே முடுக்கிட்டா வேல முடிஞ்சுது புள்ள, அப்பறம் எவன் மறுபடி குனியறது" என்றான். சரிதான் என்று அவளும் சிரித்தாள்.

"ரப்பரா, கெட்டியாம்மா?" பஞ்சநாதன் இப்போது அவளைத்தான் கேட்டார்.

"ரப்பரு."

 கலைமணி மஞ்சள் புஷ்ஷை இருந்த இடத்தில் வைத்தான். அது உருண்டது. பிடித்து மறுபடி வைத்தான். மணிமொழி அவன் முகம் நிமிரும்வரை காத்திருந்தாள். அது நிமிரவில்லை.

"ஒங்க தங்கச்சிகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"