மக்கு கற்ற இரண்டாம் பாடம்

எலிக் கருவின் மூளையிலிருந்து எடுத்த உயிரணுக்கள் அந்தக் கண்ணாடித் தட்டில் உயிரோடு இருந்தன. தட்டின் அடியிலிருந்த மின்முனைகள் வழியாக அவைதான் ஒரு சின்னச் சக்கர வண்டியை ஓட்டின. ஆரம்பத்தில் சுவர் சுவராகப் போய் முட்டியதால், அதே ஆய்வகத்தில் வேலை பார்த்த என் தங்கை அதற்கு 'மக்கு' என்று பெயர் வைத்தாள்.

வளர்த்தது நான். ஊட்டநீரை மொத்தமாக மாற்றினால் அணுக்கள் அதிர்ந்துவிடும். பாதியை எடுத்துப் பாதியை ஊற்றி, காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். வண்டி இடித்தால் தட்டுக்குத் தாறுமாறான மின்துடிப்பு அனுப்புவேன். விலகிப் போனால் சீரான துடிப்பு. எவ்வளவு சின்ன மூளையானாலும், அடுத்து என்ன வரும் என்று தெரியாமலிருப்பது அதற்குப் பிடிக்காது. மக்கு விலகக் கற்றுக்கொண்டது.

அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக விடுப்பில் போனேன். நான் அவள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது, தங்கை மக்குவைத் தன் வேலையென்று ஆய்வக இயக்குநரிடம் காட்டிவிட்டாள். ஆய்வுக்குழுத் தலைமையும் அவளுக்குத்தான் என்று பேச்சு.

"நம்ம வீட்டுக்குள்ளதானேக்கா இருக்கு, யார் பேர்ல இருந்தா என்ன?" என்றாள்.

"சரிடி" என்றேன். சொன்னேனே தவிர, விட்டுக்கொடுக்கவில்லை.

ஊட்டும் வேலையை மட்டும் என்னிடமே விட்டுவைத்தாள். அப்போதெல்லாம் துடிப்புகளை மாற்றி வைத்தேன்: முட்டினால் சீரானது, விலகினால் தாறுமாறு. வீட்டிலும் அதே பாடம்தான். ஒருநாள் அவளிடம் சிரித்துப் பேசினேன், மறுநாள் முகம் கொடுக்கவில்லை. அவள் தடுமாறுவதைப் பார்க்க என் வயிறு குளிர்ந்தது. வண்டியை ஒருமுறை ஓட்டிப் பார்க்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. கற்றது கற்றதுதான், மாறாது என்று நினைத்துவிட்டாள்.

செய்து காட்டும் நாளன்று, பார்வையாளர்கள் முன்னால் மக்கு நேராகப் போய்ச் சுவரில் முட்டியது. பின்வாங்கி அடுத்த சுவரில் முட்டியது. யாரோ சிரித்தார்கள். இயக்குநர் மட்டும் குனிந்து பார்த்தார்.

"கெட்டுப்போயிருந்தா கண்டபடி அலையும். இது தேடிப் போய் முட்டுது. யாரோ உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்காங்க. நீங்களா?" என்று தங்கையிடம் கேட்டார்.

தங்கை என்னைப் பார்த்தாள். ஆமென்றால், முட்டக் கற்றுக்கொடுத்த கோமாளி அவள்தான்.

"அக்காதான்" என்றாள். "முன்னாடி சொல்லிக்கொடுத்ததும் அக்காதான்."

என் வேலையும் போய்விடும் என்று தெரிந்தது. போகட்டும். அவள் வாயால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன். மக்கு மறுபடியும் சுவரைத் தேடிப் போனது. நான் நிறுத்தவில்லை.