இல்லாத பள்ளம்

எங்கள் வண்டிகள் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளும். எங்கள் குடும்பத்து ஆட்களைவிட நன்றாகவே பேசிக்கொள்ளும்.

ஆஸ்பத்திரிகளிலும் ஓட்டல்களிலும் அழுக்குத் துணி எடுத்துவந்து வெளுத்துக் கொடுக்கும் கம்பெனி எங்களுடையது. முப்பத்திரண்டு வேன்கள். ஒரு வேன் எங்காவது வேகத்தைக் குறைத்தால், ஓட்டுநர் முன்னால் இருக்கும் திரை காரணம் கேட்கும். பள்ளம், தண்ணீர், கூட்டம், வேறு என்று நான்கு பொத்தான்கள். அமுக்கியதும் மற்ற முப்பத்தொன்றுக்கும் சேதி போய்விடும். 'வேறு' என்று அமுக்கினால் மட்டும் சாயங்காலம் என் மேஜைக்கு வந்து நோட்டில் விளக்கம் எழுத வேண்டும். அதனால் அந்தப் பொத்தானை ஒருவரும் தொடுவதில்லை.

நான் மேற்பார்வையாளன். அதாவது, நாள் முழுக்கத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து வண்டிகளின் அரட்டையை ஒட்டுக்கேட்பவன்.

நான்கு மாதங்களுக்கு முன் ஏழாம் எண் வேன், வீடுகள் மட்டுமே இருக்கும் ஒரு தெருவில் பள்ளம் என்றது. மறுநாள் அந்தச் சேதியை நம்பி இன்னொரு வேன் அங்கே தானாகவே வேகத்தைக் குறைத்தது. அது குறைத்ததைப் பார்த்து மூன்றாவதும் குறைத்தது. மூன்று வண்டி குறைத்தால் எங்கள் கணினிக்கு அது சத்தியம். பள்ளத்தை யாராவது பார்த்தார்களா என்றால், இல்லை. வண்டி தானாக மெதுவாகப் போனால் ஓட்டுநர் எதற்கு மெனக்கெடப் போகிறார்?

போன வாரம் சேதி சாலைத் துறை வரை போய்விட்டது. தார் வண்டியோடு நான்கு பேர் கிளம்பிப் போய், தெருவைச் சல்லடை போட்டுத் தேடிவிட்டுத் திரும்பினார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். முதலில் பொய் சொன்ன ஓட்டுநரைத் திங்கட்கிழமையிலிருந்து வேறு வழிக்கு மாற்றச் சொன்னார்.

ஏழாம் எண் ஓட்டுவது என் அக்கா வீட்டுக்காரர். இருபது வருடங்களில் ஒரு நாளும் தாமதமாகாத மனிதர். கம்பெனியில் அவருக்குப் பெயரே 'கடிகாரம்'. வரைபடத்தில் அந்தத் தெருவைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் மகள் வீடு இருக்கும் தெரு அது.

மூன்று வருடங்களுக்கு முன் அவள் புதுக் கார் வாங்கி, அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டினாள். கணவனும் மாமனார் மாமியாரும் பின்சீட்டில். மனிதர் சும்மா இருந்தாரா? வழி முழுக்க நொட்டை சொல்லிவிட்டு, "உனக்கு இந்த ஜென்மத்துல வண்டி ஓட்ட வராது" என்று நடுவழியில் இறங்கி நடந்தே போய்விட்டார். அன்றோடு அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு நின்றது. அக்கா மட்டும் இரண்டு வீட்டுக்கும் நடையாய் நடக்கிறாள்.

டீக் குடிக்க வந்தவரைப் பிடித்தேன்.

"மச்சான், அந்தத் தெருவுல பள்ளம் எங்க இருக்கு?"

"நீ போய்ப் பாத்தியா?"

"பாக்காம கேப்பேனா? ரோடு வழவழன்னு இருக்கு."

டம்ளரைக் கீழே வைத்தார். "எட்டேகாலுக்கு அது செடிக்குத் தண்ணி ஊத்த வெளிய வரும்."

"இறங்கி ரெண்டு வார்த்தை பேசினா குறைஞ்சா போயிடுவீங்க?"

"என்னன்னு பேசறது, மாப்ள?"

வழி மாறப்போவதைச் சொன்னேன். "சரி" என்றார். அந்த 'சரி'யைக் கேட்க எனக்குப் பாவமாக இருந்தது. அந்த உத்தரவில் நான்தானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்!

வெள்ளிக்கிழமை அக்கா மகள் போன் செய்தாள்.

"மாமா, உங்க கம்பெனி வண்டியெல்லாம் எங்க வீட்டு வாசல்ல வந்து ஏன் ஊர்ந்து போகுது? ரோடு போடுறவங்க வேற வந்து, பள்ளம் எங்கன்னு என்னைக் கேக்கறாங்க. யார் கிளப்பிவிட்டது?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கும் அலுத்துவிட்டது.

"உங்க அப்பாதான். நாலு மாசமா நீ தண்ணி ஊத்தறதைப் பாத்துட்டுப் போறார். நாளையோட சரி. திங்கள்லேருந்து வேற ரூட்."

வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை எட்டேகாலுக்கு ஏழாம் எண் வழக்கமான இடத்தில் வேகத்தைக் குறைத்தது. பிறகு நின்றே விட்டது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். திரை காரணம் கேட்டுக் கேட்டு ஓய்ந்தது. அந்தப் பக்கம் போன வேன்கள் எல்லாம் என்னவோ ஏதோ என்று ஊர்ந்து போயின. இருபத்திரண்டு நிமிடம் கழித்து ஏழாம் எண்ணிலிருந்து பதில் வந்தது: வேறு.

கடிகாரம் முதல் முறையாகத் தாமதமாக வந்து சேர்ந்தது.

"என்ன ஆச்சு மச்சான்?"

"நடுரோட்டுல வந்து நின்னுட்டா. வேனை ஓரமா நிறுத்தச் சொல்லி, அவ கார் கதவைத் திறந்து 'உக்காருங்க'ன்னா. மூணு சுத்து சுத்திக் காட்டினா."

"நீங்க வாயை வச்சுட்டுச் சும்மா இருந்தீங்களா?"

"ஒரு வளைவுல கொஞ்சம் வேகம்தான். சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "நல்லா ஓட்டறாடா."

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் விளக்க நோட்டை அவர் பக்கம் தள்ளினேன். இரண்டே வரி எழுதினார். கீழே கையெழுத்துப் போடும்போது என் கண்ணும் கலங்கிவிட்டது.

'மகள் கை காட்டினாள். நிறுத்தினேன்.'