அளவக்காவின் மஞ்சள் கட்ஷூ

அந்தக் கட்ஷூவை வைத்துக்கொள்வதா, எறிவதா என்பது பற்றி அந்த வீட்டில் எல்லோருக்கும் கருத்து இருந்தது. கடி வாங்கிக்கொண்டிருந்தவள் மட்டும் ஒருத்திதான்.

"எறிஞ்சிடும்மா," என்றாள் மகள். மருத்துவமனையில் நர்ஸ். வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் அம்மாவின் குதிகாலைத் தன் மடியில் தூக்கி வைத்து, நேற்று ஒட்டிய பிளாஸ்திரியை உரித்துக்கொண்டிருந்தாள். "இப்படி ஒரு கால் எங்க வார்டுக்கு வந்தா, யாரு பண்ணினதுன்னு கேட்டு எழுதி வைப்போம்."

"செருப்புக்குத் தக்கபடி காலைத் தறிக்கிறதான்னு பழமொழியில கேட்டிருக்கேன்," என்று செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. கணவர். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். எல்லாவற்றிலும் கோளாறு கண்டுபிடிப்பது அவருக்குத் தொழில். "அப்படித் தறிக்கிறவ கூடவே குடித்தனம் பண்றேன்னு இப்பத்தான் தெரியுது."

"தறிச்சா என் காலைத்தானே தறிக்கிறேன்? உங்க காலையா கேட்டேன்?" என்றாள் அவள். "இன்னிக்குச் சனிக்கிழமை. திங்கக்கிழமை மாசம் பொறக்குது. அதுவரைக்கும் இதைப் பத்தி யாரும் பேசக் கூடாது."

கதவோரம் அந்த ஜோடி ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி நின்றிருந்தது. கடுகு மஞ்சளில் தோல், விளிம்பைச் சுற்றி மெல்லிசாய் ஒரு கறுப்புப் பட்டி, கூரான முனை, தட்டையான அடி. உயரக் குதி வைத்த ஷூதான் காலைப் படுத்தும், தட்டையாக இருந்தால் படுத்தாது என்று சிலர் நினைக்கிறார்கள். அவர்கள் இதைப் போட்டதில்லை. அதற்காக அழகை அழகில்லை என்று சொல்லிவிட முடியுமா? அதைப் போட்டு அவள் தெருவில் இறங்கினால், ஐம்பத்துநாலு வயது ஐம்பத்துநாலாகவே இருந்தாலும், அதற்கு ஒரு மிடுக்கு வந்துவிடும்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அவள் வேலையே காலணிக் கடையில்தான். இருபத்தாறு வருஷமாகக் கடை வாசலுக்கு நேரே குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிறவர்கள் பாதத்தை அளவுப் பலகையில் வைத்து அளந்தவள். பலகை என்று பெயர்தான், அது ஓர் இரும்புத் தட்டு. குதியை ஒட்டி ஒரு தடுப்பு, விரல் நுனிவரை தள்ளிக்கொண்டு வர ஒரு நகரும் கட்டை. அதனால் கடையில் அவளுக்கு அளவக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. நின்றுதான் அளக்க வேண்டும், உட்கார்ந்து அளந்தால் கால் பொய் சொல்லும் என்பாள். இரண்டு காலும் ஒன்றுபோல் இருக்காது, பெரிய காலுக்குத்தான் ஷூ என்பாள். போகப் போக விட்டுக்கொடுக்கும் என்று எவனாவது சொன்னால், அவன் கடையில் ஷூ வாங்காதீர்கள் என்பாள். சம்பளம் வாங்கும் கடையிலேயே உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்கிற தைரியம் அவளுக்கு இருந்தது. பெரிய முதலாளியும் அதைக் கேட்டுச் சிரித்துக்கொள்வார்.

பெரிய முதலாளிக்கு முழங்கால் போய் வீட்டோடு இருந்துவிட்டார். கடையைப் பார்க்க அவருடைய மருமகன் வந்தான். முகத்துக்கு நேரே எல்லோருக்கும் அவன் சார். முதுகுக்குப் பின்னால் மாப்பிள்ளை. கெட்டவன் என்று சொல்ல முடியாது; ஆனால் எதைப் பார்த்தாலும் மாற்ற வேண்டும் என்று கை அரிக்கும். சுவரை இடித்துக் கண்ணாடி வைத்தான். விளக்குகளைக் கூட்டினான். அப்புறம் அளவுப் பலகையைக் கிடங்குக்கு அனுப்பினான்.

"இப்பல்லாம் எல்லாரும் அவங்க நம்பர் தெரிஞ்சுதான் வராங்கக்கா," என்றான்.

பலகை போனால் பலகைக்காரியும் போக வேண்டியதுதானே. அந்த உத்தரவு ஒரு வாரம் கழித்து வந்தது. "மாசம் பொறந்ததும் நீங்களும் கிடங்கைப் பார்த்துக்குங்கக்கா. உட்கார்ந்தே செய்யற வேலை. முன்னாடி நிக்கிறவங்க கொஞ்சம் ஸ்டைலா இருந்தா கடைக்கு நல்லாயிருக்கும். தப்பா நினைக்காதீங்க."

தப்பாக நினைக்காதே என்று சொல்லிவிட்டால் தப்பு சரியாகிவிடுமா? அவளுக்கு உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை எரிந்தது. கிடங்கில் ஜன்னல் கிடையாது. மனிதர் கிடையாது. அட்டைப் பெட்டிகளும், பெட்டிகளின் மேல் நம்பர்களும்தான்.

அன்று சாயங்காலமே கண்ணாடிக்குள் காட்சிக்கு வைத்திருந்த மஞ்சள் ஜோடியை இறக்கி, தனக்கென்று வாங்கிவிட்டாள். காட்சிக்கு வைக்கும் ஜோடி எப்போதும் முப்பத்தேழாம் நம்பர்தான். சின்னதாக இருந்தால்தான் கண்ணுக்கு லட்சணம். அவளுடைய நம்பரும் முப்பத்தேழு. வேலைக்குச் சேர்ந்த நாளில் அளந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே காலை நுழைத்தாள். நுழைந்தது. ஸ்டைல்தானே கேட்டாய், இந்தா பார் என்று மனசுக்குள் அவனுக்குச் சொன்னாள்.

மறுநாள் மாப்பிள்ளை பார்த்ததும் மலர்ந்துவிட்டான். "அக்கா! இதைத்தான் சொன்னேன். இப்படியே நில்லுங்க. மாசக் கடைசியில யோசிக்கலாம்."

ஆக, இரண்டு வாரம் நின்றால் இடம் மிஞ்சும். நொண்டினால் கிடங்கு.

நின்றாள். முதல் நாளே குதிகால் தோல் உரிந்தது. வாடிக்கையாளர்களுக்கு எந்தெந்த வித்தையை வேண்டாம் என்று சொல்வாளோ அத்தனையையும் வீட்டில் செய்து பார்த்தாள். ஈரக் காகிதம் திணித்தாள். மெழுகு தேய்த்தாள். எண்ணெய் தடவினாள். மகளின் ஹேர் டிரையரைக் காட்டினாள். கணவரின் சுத்தியல் பிடியை உள்ளே செருகி ஒரு பகல் முழுக்க வைத்தாள். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்கிறார்களே, இந்தத் தோல் கல்லையும் மிஞ்சியது. கடையில் மட்டும் கீழே விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத கதைதான். வலிக்கிறபோது நின்று அடுக்கைச் சரிசெய்வாள். ரொம்ப வலித்தால் சிரிப்பாள். அவள் இவ்வளவு சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று கடையில் பேசிக்கொண்டார்கள்.

எறிந்துவிட எத்தனை நேரம் ஆகும்? குப்பைக்கூடை வாசலிலேயே இருக்கிறது. ஆனால் எறிந்தால், உன் வயசுக்கு இதெல்லாம் ஆகாது என்று அவன் சொல்லாமல் சொன்னது நிஜமாகிவிடும். அதற்குக் குதிகால் போனால் போகட்டும் என்றிருந்தது அவளுக்கு.

சனிக்கிழமை கடையில் நல்ல கூட்டம். மகள் ஒட்டிய புதுப் பிளாஸ்திரி மதியத்துக்குள் நழுவிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். அருங்காட்சியகத்தில் வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டும் வேலை கிடைத்திருக்கிறதாம், திங்கட்கிழமை சேர வேண்டுமாம். நேராக அந்த மாடலிடம் போனாள். அதே கட்ஷூ, நீல நிறத்தில்.

"முப்பத்தெட்டு குடுங்க," என்றாள்.

மாப்பிள்ளை தானே எடுத்துக் கொடுத்தான். அந்தப் பெண் உட்கார்ந்து போட்டாள், எழுந்தாள், இரண்டடி வைத்தாள். முகம் சுளித்தது.

"கொஞ்சம் பிடிக்குதே?"

"புதுசுல அப்படித்தான் மேடம். போகப் போக விட்டுக்கொடுக்கும்."

இருபத்தாறு வருஷத்தில் அந்தக் கடைக்குள் யாரும் சொல்லாத வாக்கியம். அளவக்காவின் கையிலிருந்த பெட்டி அப்படியே நின்றது. மாப்பிள்ளை அதோடு விடவில்லை.

"இந்த அக்காவைக் கேளுங்க. ரெண்டு வாரமா இதே மாடலைத்தான் போட்டு நாள் பூரா நிக்கிறாங்க. எப்படிக்கா இருக்கு? வசதியாத்தானே இருக்கு?"

அந்தப் பெண் நம்பிக்கையோடு திரும்பிப் பார்த்தாள். ஒரு 'ஆமாம்' போதும். சொன்னால் ஸ்டூல் இவளுக்கு, திங்கட்கிழமையும் இவளுக்கு. இன்னொருத்தி குதிகால்தானே, யாருக்குத் தெரியப்போகிறது? சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள். எதிரே நீலத் தோலுக்கு மேல் அந்தப் பெண்ணின் குதி சிவந்து பிதுங்கி நிற்பது கண்ணில் பட்டது. தன்னுடையது பட்ட பாடு எல்லாம் ஒரே நொடியில் கோபமாக மாறியது. அவன் மேல் பாதி, தன் மேல் பாதி.

"வசதியா?" என்றாள். "பாருங்க, எவ்வளவு வசதின்னு."

நடுக்கடையில் இடது ஷூவைக் கழற்றினாள். பிளாஸ்திரி ரத்தத்தோடு அதன் உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் "ஐயோ" என்றாள்.

"அக்கா, உள்ளே போய்ப் பேசலாம்," என்றான் மாப்பிள்ளை தணிந்த குரலில்.

"உள்ளேதான் போறேன்." இரண்டு ஷூவையும் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு கிடங்குக்குப் போனாள். திரும்பி வந்தபோது கக்கத்தில் அளவுப் பலகை இருந்தது. அதன் மேல் தூசியைத் தன் உடுப்பில் துடைத்தாள். தரையில் போட்டாள். வாழ்க்கையில் எத்தனையாயிரம் பாதங்களை அதன் மேல் ஏற்றியிருப்பாள். அன்றுதான் தானே ஏறி நின்றாள், வேலைக்குச் சேர்ந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக.

குனிந்து கட்டையைத் தள்ளினாள். மறுபடி தள்ளிப் பார்த்தாள். பலகை காட்டிய அளவு மாறவில்லை. வலது முப்பத்தெட்டு. இடது முப்பத்தெட்டரை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்தத் தடவை நிஜச் சிரிப்பு. "கேட்டுக்குங்க," என்றாள் சத்தமாகவே. "ஊர்க் காலெல்லாம் அளந்தவ நான். என் நம்பர் முப்பத்தேழுன்னு சத்தியம் பண்ணியிருப்பேன். வயசாக ஆகக் கால் நீளும்னு எல்லாருக்கும் சொல்லிட்டு, என் காலை மட்டும் விட்டுட்டேன். அதுவும் உட்கார்ந்துகிட்டே போட்டுப் பார்த்து வாங்கினேன். எவ்வளவு பெரிய முட்டாள்தனம்! ஷூ மேல தப்பில்லை. என் வயசு மேலயும் தப்பில்லை. அளக்காதது தப்பு." அந்தப் பெண்ணைப் பார்த்தாள். "நீ வாம்மா. ஏறி நில்லு."

அந்தப் பெண்ணுக்கு முப்பத்தொன்பது. நீலத்தில் அந்த அளவு இல்லை. கறுப்பில் இருந்தது. போட்டு, கடையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தாள். முகம் சுளிக்கவில்லை.

"சரி, நம்ம கணக்கைத் தீர்க்கலாம்," என்று அளவக்கா தன் மஞ்சள் ஜோடியை எடுத்துக் கல்லா மேசையில் வைத்தாள். இழுப்பறையைத் திறந்து, வார் நறுக்கும் தோல் கத்தரியை எடுத்தாள்.

மாப்பிள்ளை பதறிவிட்டான். "என்ன பண்றீங்க? மேசையில வெச்சு?"

"என் ஷூ சார். என் காசுல வாங்கினது."

குதிப்பக்கத்தை மட்டும், கறுப்புப் பட்டியோடு சேர்த்து, அடிவரை வெட்டினாள். தோல் முரண்டு பிடித்தது, அவள் விடவில்லை. இரண்டு பிறைத் துண்டுகள் மேசையில் விழுந்தன. கடித்த பகுதி அவ்வளவுதான், ஒவ்வொன்றும் நாலு விரல் அகலம். இதற்காகவா இரண்டு வாரம் எறிவதா வைப்பதா என்று குடும்பமே மண்டையை உடைத்துக்கொண்டது? துண்டுகளைக் கூடையில் எறிந்தாள். மீதியைத் தரையில் போட்டுக் காலை நுழைத்தாள். குதிகால் பின்னால் அரை விரல் தாராளமாக வெளியே நின்றது. கூரான முனை கூராகவே இருந்தது, மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. நடந்தால் பட்பட்டென்று சத்தம் போட்டது. போடட்டும்.

"நல்லாயிருக்கே," என்றாள் 'ஐயோ' சொன்ன அம்மாள். "இந்த மாதிரி கடையிலேயே இருக்கா?"

"இல்லீங்க, இது ஒண்ணுதான்," என்றாள் அளவக்கா. ஸ்டூலை வாசலுக்கு நேரே, பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பலகையை எதிரில் வைத்தாள். "சார், திங்கக்கிழமை நான் கிடங்குக்குப் போகலை. இங்கதான் இருப்பேன். பெரிய முதலாளிகிட்டச் சொல்லணும்னா சொல்லுங்க, அவர் காலையும் அளந்தவ நான்."

கடை முழுக்க அவனையே பார்த்தது. அவன் கல்லாவுக்குப் பின்னால் நின்றிருந்தான், கூர்முனைப் பழுப்பு ஷூவில். வந்த நாள் முதலாக அவன் அங்கே நிற்கிறபோதெல்லாம் ஒரு குதியை ஷூவிலிருந்து மெல்ல வெளியே எடுத்து வைத்துக்கொள்வான். யாரும் கவனிக்கவில்லை என்று நினைப்பு. இப்போதும் எடுத்து வைத்திருந்தான். ஸ்டூல் குட்டையானது. அதில் உட்காருகிறவளுக்கு எல்லோர் காலும் தெரியும்.

"மாப்பிள்ளை," என்றாள், முதல்முறையாக முகத்துக்கு நேரே. "உங்க நம்பர் என்ன?"

"நாப்பத்திரெண்டு," என்றான் அவன் சட்டென்று.

"நானும் இப்படித்தான் டக்குன்னு சொல்வேன்," என்று அளவக்கா பலகையை அவன் பக்கம் தள்ளினாள். "வாங்க. நின்னுதான் அளக்கணும்."