நடுவர் கோட்டின் வலது பை

இஸ்திரிப் பெட்டி கோட்டின் கீழ்மடிப்பில் எதன்மேலோ ஏறி இறங்கியது. தையல்காரம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அந்த இடத்தை விரலால் தடவினாள். துணிக்கும் உள்துணிக்கும் நடுவே வட்டமாக, கெட்டியாக ஒன்று. பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே அது என்னவென்று விரலுக்குத் தெரிந்துவிட்டது. ஐம்பது வருஷம் பொத்தான் தைத்த விரல் அது.

மணி இரண்டரை ஆகியிருந்தது. நான்கு மணிக்கு மைதானத்துக் கட்டடத்தில் வட்டாரப் பெண்கள் கிரிக்கெட் அணியின் வரலாற்று அறையைத் திறக்கப் போகிறார்கள். நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கவேண்டியது இந்தக் கோட்டுதான். அணிக்கு முதல் கோப்பை கிடைத்த ஆட்டத்தில் நடுவராக நின்ற அவள் கணவர் போட்டிருந்தது. அன்றைக்குக் கழற்றி மடித்து வைத்தவர் பிறகு அதைத் தொடவேயில்லை. முப்பத்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. அவர் போய்ச் சேர்ந்தே எட்டு வருஷம்.

ஆலையில் நேரக்காப்பாளராக இருந்தவர். அவர் தெருவில் நடந்து போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டவர்கள் உண்டு. பெண்கள் ஆட்டத்துக்கு நடுவராக நிற்க ஓர் ஆண்பிள்ளையும் முன்வராத காலத்தில் அவர்தான் நின்றார். அணியோ செவிலியர் பள்ளியிலிருந்தும் தொலைபேசி நிலையத்திலிருந்தும் சேர்ந்த பெண்கள். கால்கவசம் இரண்டே ஜோடி. ஒருத்தி ஆட்டமிழந்து வந்தால், உள்ளே போகிறவள் எல்லைக்கோட்டிலேயே அதை வாங்கிக் கட்டிக்கொண்டு ஓடவேண்டும். அவர்களுடைய முதல் பதினொரு வெள்ளைக் கால்சட்டைகளையும் தைத்தவள் தையல்காரம்மா. எப்படி ஓடினாலும் குனிந்தாலும் ஒரு தையல் விடாது, அதற்கு நான் பொறுப்பு என்று வீடு வீடாகப் போய்ப் பெற்றவர்களிடம் சொல்லித்தான் பாதிப் பேரை மைதானத்துக்கு வரவழைத்தாள். சொன்ன சொல் தப்பவில்லை.

கணவருக்கும் அவளே தைத்தாள். மற்ற நடுவர்களின் கோட்டு ஒற்றைத் துணி. இவள் உள்துணி வைத்துத் தைத்தாள். பந்து எண்ணுவதற்கு ஆறு கறுப்புப் பொத்தான்களும் எடுத்துக் கொடுத்தாள். ஓவர் தொடங்கும்போது ஆறும் வலது பையில் இருக்கும். பந்துக்கு ஒன்றாக இடது பைக்கு மாற்றுவார். வலது பை காலியானால் ஓவர் முடிந்தது.

அவள் வலது பைக்குள் கையை விட்டாள். அடித்தையல் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு விட்டிருந்தது. பொத்தானைத் துணியோடு நகர்த்தி, அந்த ஓட்டை வழியாகவே வெளியே எடுத்தாள்.

அந்த ஆட்டத்தின் கடைசி ஓவரைப் போட்டவள் அவர்களுடைய மகள். எதிரே மட்டை பிடித்தவள் தையல்காரம்மாவின் கூடப்பிறந்த தங்கை. ஆற்றுக்கு அக்கரையில் வாழ்க்கைப்பட்டு, அந்தப் பக்கத்து அணிக்கு ஆடியவள். இன்னும் இரண்டு ரன் எடுத்தால் அக்கரை ஜெயிக்கும் என்றிருந்தபோது நடுவர் ஸ்டம்பின் மேலிருந்த பெயில்ஸைத் தட்டி எடுத்து, ஆட்டம் முடிந்தது என்றார். ஒரு பந்து மீதி இருக்கிறது என்று தங்கை நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. ரன் குறித்த இரண்டு அணிகளின் புத்தகங்களும் இரண்டு விதமாகச் சொல்லின. எதிர்முனை நடுவர், கூச்சலில் எண்ணிக்கை தவறிவிட்டதாகக் கையை விரித்தார். நேரக்காப்பாளர் சொன்னதே நின்றது. மகளுக்காகப் பந்தைத் திருடினார், அத்தான் ஒரு திருடன் என்று தங்கை மைதானத்தின் நடுவிலிருந்து கத்தினாள். அன்றிலிருந்து தையல்காரம்மா அவள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. ஊர் தங்கைக்கு 'ஒருபந்து' என்று பெயர் வைத்தது. கடைத்தெருவில் காய்கறி வாங்கப் போனாலும், ஒருபந்து வருது என்று சிரித்தார்கள்.

ஆட்டத்துக்கு மறுநாள் காலையில் கணவர் கேட்டது இப்போது நினைவுக்கு வந்தது. முகத்தைத் துடைத்தபடி வந்து நின்று, "கோட்டுப் பையெல்லாம் கெட்டியாத் தைச்சிருந்தியா?" என்றார். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"என் தையல் என்னைக்காவது விட்டிருக்கா?"

அவர் துண்டைக் கொடியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனார். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நடுவராகவும் நிற்கவில்லை. முட்டி வலி என்று சொல்லிக்கொண்டார். ஆலை வாசலில் நாள் முழுக்க நின்ற முட்டி.

வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மகள் வந்தாள். அவளுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. இப்போது அணியின் செயலாளர். கையில் ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம்.

"அப்பா டப்பாவுல பொத்தான் அஞ்சுதாம்மா இருக்கு. ஒண்ணு எங்கேயோ விழுந்துடுச்சு போல. உன்கிட்ட இதே மாதிரி இருந்தா ஒண்ணு குடு. ஆறும் இருந்தாத்தான் வர்றவங்களுக்குப் புரியும்."

தையல்காரம்மாவின் உள்ளங்கைக்குள் ஆறாவது பொத்தான் வேர்த்துக் கிடந்தது. கையைத் திறந்தால் போதும். மற்ற ஐந்தோடு அச்சு அசலாகச் சேர்ந்துவிடும். பைக்கு நாலு தையல் போட்டுவிட்டால் கணவர் பேரும் மகள் போட்ட ஓவரும் என்றைக்கும் அப்படியே இருக்கும். கேட்க ஒரு நாதி கிடையாது.

"கோட்டை எடுத்துக்கிட்டு நட. பொத்தானை நான் அங்க வந்து தரேன்" என்றாள்.

காரில் போகும்போது மகள் மெல்லச் சொன்னாள். அக்கரை அணியின் பழைய ஆட்டக்காரர்களையும் அழைத்திருக்கிறாள். சித்தியும் வருகிறாள். இன்றைக்கு ஒருநாள் பழசைக் கிளற வேண்டாம். தையல்காரம்மா பொத்தானை மூடிய கையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அறையில் புது வர்ணத்தின் வாடை அடித்தது. சுவர்ப் பலகையில் பெரிய எழுத்தில், முதல் கோப்பை, ஒரு ரன் வித்தியாசத்தில் வெற்றி என்றிருந்தது. அதன் கீழே மகள் பந்து வீசும் படம். தங்கை முன்னாடியே வந்திருந்தாள். தலை முழுக்க வெளுத்திருந்தது. நிற்கும் தோரணை மாறவில்லை. இன்றைய அணிப் பெண்கள் அவளைச் சூழ்ந்திருந்தார்கள். இன்னும் ஒரு பந்து மிச்சம் இருக்கிறதா என்று ஒருத்தி வாயைக் கிளறினாள்.

"நீ போடு, நான் நிக்கிறேன். ஸ்டம்பை மட்டும் யாரும் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடாம பாத்துக்கோ" என்றாள் தங்கை.

பெண்கள் சிரித்தார்கள். தங்கை கண்ணாடிப் பெட்டியருகே வந்து, கோட்டுக்காக வைத்திருந்த அட்டையைப் படித்தாள். 'நேர்மை தவறாத நடுவர்' என்று எழுதியிருந்தது. "இதையும் எழுதியாச்சா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

தையல்காரம்மாவுக்குக் காது மடல் சுட்டது. அந்த நேரம் பார்த்து மகள் கிண்ணத்தை நீட்டினாள். "பொத்தான் குடும்மா."

கை கிண்ணத்துக்கு மேலே போய் நின்றது. விரல்கள் திறக்கவில்லை. அவள் கையை இழுத்துக்கொண்டு தங்கை பக்கம் திரும்பினாள். முப்பத்து மூன்று வருஷத்தில் முதல் வார்த்தை.

"அவரைத் திருடன்னு சொன்னே. அந்த வார்த்தையை இங்க எல்லார் முன்னாடியும் திரும்ப எடு."

"என் பந்தைக் குடு, எடுக்கிறேன்."

"இந்தா" என்று தையல்காரம்மா கையை விரித்தாள்.

அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள். பொத்தான் கோட்டின் கீழ்மடிப்புக்குள் கிடந்தது. பையின் அடித்தையல் விட்டிருக்கிறது. கடைசி ஓவருக்கு அவர் பையில் ஐந்துதான் இருந்திருக்கிறது. பை காலியானதும் முடித்துவிட்டார்.

"அவர் எண்ணினதுல தப்பில்ல. தைச்சது நான்."

மகள் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சுவரிலிருந்த தன் படத்தையே பார்த்தாள். தங்கை பொத்தானை எடுத்துப் புரட்டினாள்.

"அத்தானுக்குத் தெரியுமாக்கா?"

இஸ்திரிப் பெட்டி ஏறி இறங்கியதிலிருந்து அவள் பயந்துகொண்டிருந்த கேள்வி இதுதான். தெரியாது என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம்.

"சந்தேகப்பட்டு மறுநாள் கேட்டார். என் தையலா விடும்னு நான்தான் வாயை அடைச்சேன்."

தங்கை கோட்டைப் பார்த்து, அறைக்கே கேட்கும்படி, "அத்தான் திருடன் இல்ல" என்றாள். அக்கா பக்கம் திரும்பினாள். "ஆனா அஞ்சு பந்துதான்."

"அஞ்சுதான்."

நான்கு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கோட்டை எடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டினாள். பைகளை உள்ளே தள்ளி நீவிவிடப் போனாள்.

"வலது பையை வெளிய இழுத்து விடு" என்றாள் தையல்காரம்மா.

"விட்ட தையல் தெரியுமேம்மா."

"தெரியட்டும்."

மகள் பையை இழுத்துவிட்டாள். அது வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது. தங்கை பொத்தானைக் கிண்ணத்தில் போடாமல், பைக்கு நேர் கீழே, பெட்டியின் தரையில் வைத்தாள்.

கதவைத் திறந்தார்கள். தையல்காரம்மா பெட்டிக்குப் பக்கத்தில் முதுகை நிமிர்த்தி நின்றாள். முதலில் உள்ளே வந்தவர் தொங்கும் பையைக் காட்டி, இதென்ன கிழிசல் என்று கேட்டார்.

"நான் தைச்சது" என்றாள்.