மூன்றாவது பாட்டில்

அந்த ஓட்டல் பாரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூக்கர் என்றால் போதும். கண்ணைக் கட்டிவிட்டு ஆறு கோப்பைகளை முன்னால் வைத்தால், ஒன்றைக்கூட வாயில் வைக்காமல் எதில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார். பதினெட்டு வருடமாக அந்த மூக்குதான் அவர் குடும்பத்துக்குச் சோறு போட்டது. நான்கு மாதத்துக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சல் அதை வாரிக்கொண்டு போய்விட்டது.

காய்ச்சல் பத்து நாளில் விட்டது, வாசனை திரும்பவில்லை. ஒரு காலையில் பால் தீய்ந்து வீடே நாறி, மனைவி குளியலறையிலிருந்து ஈரத்தலையோடு ஓடி வந்தாள். இவர் அடுத்த அறையில் நின்று சாவகாசமாகச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். டாக்டர், "வந்தாலும் வரும், வராமலும் போகும், பொறுமையா இருங்க" என்றார். டாக்டருக்கென்ன, பொறுமையாக இருக்கச் சொல்லலாம். அவர் மூக்கை வைத்துப் பிழைக்கவில்லை.

நாக்கு மட்டும் பழுதில்லாமல் இருந்தது. இனிப்பு, புளிப்பு, கசப்பு தெரிந்தது. இஞ்சியின் எரிச்சல் தெரிந்தது, சோடாவின் குறுகுறுப்பு தெரிந்தது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டால் எலுமிச்சைக்கும் சாத்துக்குடிக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. புளிப்பு கூடவா குறைவா, அவ்வளவுதான்.

விஷயம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். டாக்டர், மனைவி, தம்பி. தம்பி அதே பாரில் பன்னிரண்டு வருடமாக இவருக்கு அடுத்தபடி நிற்பவன். அண்ணன் கோப்பையை முகர்ந்துவிட்டுத் தயங்குவதைப் பார்த்து, கேட்டு, தெரிந்துகொண்டு, அன்றைக்கே வழியும் சொன்னவன் அவன்தான்.

"நாக்கை நீ பாத்துக்கோ அண்ணா, மூக்கை நான் பாத்துக்கறேன். நான் பக்கத்துல நின்னு கிளாஸ் துடைச்சுக்கிட்டே இருப்பேன். துடைச்சுக்கிட்டே இருந்தா வாசனை நல்லா இருக்குன்னு அர்த்தம். துணியைத் தோள்ல போட்டுட்டேன்னா, அதைத் தொடாதே."

இந்த ஏற்பாட்டில் நான்கு மாதம் ஓடியது. வாடிக்கையாளர்கள் மூக்கரைப் புகழ்ந்துகொண்டே குடித்தார்கள். ஓட்டலை நடத்தும் முதலாளியம்மாவுக்கு மட்டும் என்னவோ பொறி தட்டியிருக்க வேண்டும். போன வாரம் கவுன்டரில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "உங்க கையில முன்ன மாதிரி இல்லையே மூக்கரே. வெயில் காலத்துக்குப் புதுசா ஒண்ணு பட்டியல்ல சேர்க்கணும். வோட்கா, ஜிஞ்சர் பீர், எலுமிச்சை. செம்புக் குவளையில. எல்லாத்தையும் நீங்களே தேர்ந்தெடுங்க. சரியா வந்தா இந்த பார் உங்க பொறுப்பு. வரலைன்னா வேற ஏற்பாடு பண்ண வேண்டியதுதான்."

மூன்றே பொருள். அதுதான் அந்தப் பானத்தின் கஷ்டமே. பத்துப் பொருள் போட்டுக் கலக்குவதில் ஒரு தப்பை இன்னொன்று மூடி மறைக்கும். இதில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. ஜிஞ்சர் பீர் பெயரில்தான் பீர். இஞ்சியைப் புளிக்க வைத்து நுரை வரச் செய்த ஒரு குளிர்பானம், அவ்வளவே. ஆனால் குவளையில் பாதிக்கு மேல் அதுதான். அது கெட்டால் எல்லாம் கெட்டது.

ருசி பார்க்கும் நாள் வந்தது. காலை பத்தரை மணிக்கு மூக்கர் பின்வாசல் வழியாக உள்ளே நுழைந்தபோது, கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர்காரர் பிடித்துக்கொண்டார். ஊர் வம்பை உள்ளங்கையில் வைத்திருக்கும் மனிதர்.

"என்ன மூக்கரே, வீட்டுல விசேஷம் போல இருக்கு? நேத்து உங்க தம்பியை முதலாளியம்மா ரூமுக்குள்ள கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினாங்க. கதவைச் சாத்திக்கிட்டு! பாரை அவன் கையில குடுக்கப் போறாங்கன்னு பேச்சு. உங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னான், சொன்னான்" என்றார் மூக்கர். சொல்லவில்லை. நேற்று இரவு இருவரும் ஒன்றாகத்தான் நடந்து வீட்டுக்குப் போனார்கள். தம்பி வழியெல்லாம் தன் பெண்ணின் பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தான். இதைப் பற்றி மூச்சு விடவில்லை. தன் மூக்கை யார் கையில் கொடுத்து வைத்திருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக மூக்கர் யோசித்தார். கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். ஆனால் பெரியவன் போய்ச் சின்னவனிடம் கேட்பதா? கேட்கவில்லை.

பார் இன்னும் திறக்கவில்லை. நாற்காலிகள் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தன. முதலாளியம்மா தூரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். கவுன்டரில் தம்பி எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தான். வோட்கா மூன்று, ஜிஞ்சர் பீர் நான்கு, அதில் ஒன்று சமையலறையிலேயே செய்தது. கம்பெனி பெயர் தெரியக்கூடாது என்று முதலாளியம்மா சொன்னதால், எல்லாவற்றுக்கும் காகிதம் சுற்றி எண் ஒட்டியிருந்தான்.

முதல் வோட்கா தொண்டையைக் கீறியது. இரண்டாவதில் சர்க்கரை கலந்த இனிப்பு, அதைச் சேர்க்கிறவன் எதையோ மறைக்கிறான். மூன்றாவது வழுக்கிக்கொண்டு இறங்கியது. தம்பியின் கை கண்ணாடிக் கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது வோட்காவைத் தனியே எடுத்து வைத்தார். எலுமிச்சையைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய கஷ்டம் இல்லை. தடித்த தோல் பழங்களை ஒதுக்கிவிட்டு, மெல்லிய தோலும் எடையும் உள்ளதைக் கவுன்டரில் உள்ளங்கையால் உருட்டிப் பிழிந்தார். தம்பி துடைத்துக்கொண்டிருந்தான்.

பிறகு ஜிஞ்சர் பீர். முதலாவது வெறும் சர்க்கரைப் பாகு. இரண்டாவதில் நுரை உயிரில்லாமல் கிடந்தது. மூன்றாவதை வாயில் வைத்ததும் மூக்கருக்குக் கண் கலங்கியது. என்ன எரிச்சல்! நாக்கின் நுனியிலிருந்து காது வரைக்கும் இஞ்சி ஏறியது, நுரை ஊசி ஊசியாகக் குத்தியது. நான்கு மாதமாகச் செத்துக் கிடந்த வாய்க்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. சந்தோஷத்தில் தம்பியைப் பார்த்தார்.

துணி தோளில் கிடந்தது.

நான்காவது மூன்றாவதில் பாதி காரம். கடைசியில் லேசாகக் கசந்தது. தம்பி துணியை எடுத்து மறுபடி துடைக்க ஆரம்பித்தான். ஆக, நல்லதை வேண்டாம் என்கிறான், சொத்தையை எடு என்கிறான். கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம். மூக்கர் மூன்றாவது பாட்டிலின் கழுத்தைப் பிடித்தார். தம்பி துணியைத் தோளில் போட்டான். எடுத்தான், மறுபடி போட்டான். முகம் வெளிறிப்போய் மெல்ல, "அண்ணா" என்றான்.

"வேலையைப் பாருடா" என்றார் மூக்கர்.

செம்புக் குவளையில் ஐஸை நிரப்பி, வோட்காவை அளந்து விட்டு, எலுமிச்சைச் சாற்றைச் சேர்த்து, மூன்றாவது பாட்டிலைத் தன் கையாலேயே விளிம்பு வரை ஊற்றினார். ஒரே ஒரு தடவை கலக்கினார். குவளையின் வெளிப்பக்கம் பனி பூத்தது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. தட்டில் வைத்து ஜன்னலோர மேஜைக்குக் கொண்டுபோனார்.

முதலாளியம்மா போனை வைத்துவிட்டுக் குவளையை இரண்டு கையாலும் தூக்கினார். உதடு வரை கொண்டுபோனவர் அப்படியே நின்றார். குவளையைத் தட்டில் வைத்த வேகத்தில் பாதி மேஜையில் சிந்தியது.

"என்ன கண்றாவி இது? அழுகின முட்டை மாதிரி நாறுது!"

சமையலறையில் சோதனைக்காகப் புளிக்க வைத்த பாட்டில் அது. காரமும் நுரையும் நன்றாக வந்திருந்தன. ஈஸ்ட் கெட்டுப்போய்த் திறந்தால் முட்டை நாற்றம் அடித்தது. மூக்கு உள்ள யாரும் அதை ஒரு முழ தூரத்திலேயே கீழே வைத்திருப்பார்கள்.

முதலாளியம்மா மூக்கரை நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதானே ஊத்தினீங்க? உங்களுக்கு வாசனை வரலையா?"

மூக்கரின் முகத்தில் ஈயாடவில்லை. நான்கு மாதமாக எந்தக் கேள்விக்குப் பயந்தாரோ அது வந்தே விட்டது. அதற்குள் தம்பி கவுன்டரைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தான்.

"என் தப்பு மேடம். அண்ணன் ருசி பார்த்தது வேற பாட்டில். அவர் குவளை எடுக்கப் போனப்ப மேஜையைத் துடைக்கறேன்னு நம்பரை மாத்தி ஒட்டிட்டேன். அண்ணனுக்கு ரெண்டு நாளா ஜலதோஷம், மூக்கடைப்பு. இல்லைன்னா அவருக்கா தெரியாது?"

முதலாளியம்மாவின் கோபம் அப்படியே திசை மாறியது. "உன்னை நம்பி நேத்து என்ன பேசினேன்! பாரை நீ எடுத்துக்கோன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். 'அண்ணன் நிக்கற இடத்துல நான் நிக்க மாட்டேன், அவரை மாதிரி யாரும் வர முடியாது'ன்னு சொன்னே. ஒரு விதத்துல சரியாத்தான் சொல்லியிருக்கே. ஒரு நம்பரை ஒட்டத் தெரியலை உனக்கு! நாளையிலேர்ந்து கவுன்டர் பக்கம் வராதே. கீழே கிடங்குல பாட்டில் அடுக்கு, போ." பிறகு மூக்கரிடம் குரல் தணிந்தது. "சளி போகட்டும் மூக்கரே. அடுத்த வாரம் நீங்க தனியாவே செஞ்சு காட்டுங்க."

அப்போது மூக்கர் பேசியிருக்கலாம். வாயைத் திறக்கவும் செய்தார். 'இல்லம்மா' என்று ஒரு சொல் போதும். முதலாளியம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து, கதவுவரை நடந்து, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும்வரை நேரம் இருந்தது. அவர் பேசவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

தம்பி கழுவும் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டுக் குவளையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மூக்கர் போய்ப் பக்கத்தில் நின்றார்.

"நேத்து அம்மா கூப்பிட்டதை ஏன்டா சொல்லலை?"

"சொன்னா நீ வருத்தப்படுவே. உனக்கு பதிலா ஆள் தேடறாங்கன்னு தெரிஞ்சா இன்னைக்குத் தடுமாறுவியேன்னு சொல்லலை." குழாயை மூடினான். அண்ணன் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்: "துணியைத் தோள்ல போட்டேனே, நீ பாக்கலையா அண்ணா?"

மூக்கர் குவளையைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார்.

"கவனிக்கலைடா."

தம்பி பெருமூச்சு விட்டான். தோள் தளர்ந்தது. லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தான். "அப்பாடா. பாத்துட்டும் எடுத்தியோன்னு நினைச்சு எனக்கு நெஞ்சே அடைச்சுப் போச்சு. அப்போ என் மேலதான் தப்பு. இன்னும் நல்லா தெரியற மாதிரி போட்டிருக்கணும். மன்னிச்சுடு அண்ணா."

"பரவாயில்லை, விடுடா" என்று சொல்லி, மூக்கர் தம்பியை மன்னித்தார்.