நான்கு நாள் முன்னதாகப் பிறந்தவர்

1

இந்தக் கதை ஒரு ரொட்டியிலிருந்து வந்தது.

அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் நெலிதா அம்மாவின் வீட்டு மாடி அறையில் ஒன்பது வருடம் குடியிருந்தேன். ஒவ்வொரு டிசம்பர் முப்பதாம் தேதியும் அவர் மகன் தாமியான் ஒரு பான் துல்சே வாங்கிவருவான். உலர்திராட்சையும் கொட்டைகளும் போட்டு, தலைப்பாகை மாதிரி உப்பிய இனிப்பு ரொட்டி. "கிழவி, பொய்ப் பிறந்தநாள் வாழ்த்து!" என்று கத்திக்கொண்டே மேசையில் வைப்பான். அங்கே பெற்ற தாயைப் பிள்ளைகள் செல்லமாகக் கிழவி என்பார்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. மெய்ப் பிறந்தநாள் ஜனவரி மூன்று. கேக் அன்றைக்குத்தான். "ஏ இந்து, ஒரே வாரத்துல ரெண்டு தடவ இனிப்பு. உனக்கு யோகம்டா" என்பான் என்னிடம். இந்தியாவிலிருந்து வந்தவன் எவனானாலும் அவர்களுக்கு இந்துதான்.

கதை எப்படிப் பிறந்தது என்று கேட்பவர்களிடம் இதைத்தான் சொல்லிவருகிறேன். இது பாதி உண்மை. மீதியைப் பின்னால் சொல்கிறேன், அதற்குள் துணிச்சல் வந்தால்.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'இத்தாலியத் துணைத் தூதரகத்தின் வாசலில் பொழுது விடிவதற்கு முன்பே வரிசை —'

வேண்டாம். 2002ஆம் வருடத்து அர்ஜென்டினாவைப் பற்றி எழுதுகிற எல்லோரும் அந்த வரிசையில்தான் போய் நிற்கிறார்கள்.

இரண்டாம் முயற்சி: 'நெலிதா பொய் சொல்லத் தெரியாதவர்.' (அப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை. அடித்துவிட்டேன்.)

மூன்றாவது இது. தூதரகக் கவுன்டரில் இருந்த பெண் காகிதங்களை நிதானமாகப் புரட்டினாள். நெலிதா எட்டு மாதம் அலைந்து சேர்த்தவை அவை. பியமான்ட் மலையடிவாரத்து ஊரொன்றிலிருந்து தபாலில் வந்த அவருடைய அம்மாவின் பிறப்புச் சான்று மேலே இருந்தது. தாமியான் வேலை பார்த்த கடைசல் பட்டறையை மூடி ஒரு வருடமாகிவிட்டது. இத்தாலியில், தூரின் நகரத்துப் பட்டறை ஒன்றில் அவனுக்கு வேலை காத்திருந்தது. இத்தாலியப் பாஸ்போர்ட் மட்டும் வேண்டும். நெலிதா இத்தாலியர் என்று ஆகிவிட்டால் அவர் மகனும் இத்தாலியன்.

"உங்கம்மா இத்தாலில பொறந்தவங்க, சரி. அப்பா இந்த ஊர்க்காரர். அம்மா வழியில வர்ற குடியுரிமை நாப்பத்தெட்டு ஜனவரி ஒண்ணாந்தேதியிலேருந்து பொறந்த புள்ளைங்களுக்குத்தாம்மா. நீங்க நாப்பத்தேழு டிசம்பர் முப்பது. ரெண்டு நாள் முந்திட்டீங்க."

"இல்லம்மா, நான் பொறந்தது ஜனவரி மூணு."

"காயிதத்துல அப்படி இல்லையே."

நெலிதா சிரித்தே விட்டார். ஐம்பத்து நாலு வருடமாக வீட்டில் எல்லோரும் சிரித்த விஷயம், பழக்கதோஷத்தில் சிரிப்பு வந்துவிட்டது. பிறகுதான் தாமியானின் முகத்தைப் பார்த்தார்.

3

இந்த இடத்தில் நெலிதாவின் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அவர் பெயர் அனீபல். ரயில் பட்டறையில் கொல்லர். அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்ததாம் (நெலிதா சொன்னது, நான் சரிபார்க்கவில்லை, சரிபார்க்க மனமில்லை). முந்தின வருடத்தில் குழந்தை பிறந்த தொழிலாளிக்கு, மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு முந்தின நாள், அதாவது ஜனவரி ஐந்தாம் தேதி, ஒரு மரப்பெட்டி கொடுப்பார்கள். அதில் குழந்தைக்கு உடுப்பு, ஒரு போர்வை, தாய்க்கு ஒரு பான் துல்சே. வருடம் டிசம்பர் முப்பத்தொன்றோடு முடிந்துவிடும். நெலிதா பிறந்தது ஜனவரி மூன்று, சனிக்கிழமை. அடுத்த பெட்டிக்குப் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் அனீபல் முதல் ஆளாகப் பதிவு அலுவலகத்துக்குப் போய், பெண் குழந்தை, வீட்டுப் பிரசவம், டிசம்பர் முப்பது என்று எழுதிக்கொடுத்தார். மத்தியானம் பெட்டியோடு வீடு திரும்பினார். வெயில் கொளுத்துகிற ஜனவரியில் கம்பளிப் போர்வை! அதைச் சொல்லிச் சொல்லி அந்தக் குடும்பம் அரை நூற்றாண்டு சிரித்தது.

சிரிக்காமல் சொன்ன ஒன்றும் உண்டு. நெலிதாவுக்கு முன்னால் ஒரு ஆண் குழந்தை பிறந்து பதினோரு நாள் இருந்தது. அதைப் பக்கத்து வீட்டு இரவல் உடுப்பில் புதைத்தார்கள்.

ஆனால் ஞானஸ்நானத்துக்குப் போனபோது நெலிதாவின் அம்மா பாதிரியாரிடம் பொய் சொல்லவில்லை. கோயில் ஏட்டில் ஜனவரி மூன்று என்றே இருக்கிறது. தூதரகம் கைவிரித்த பிறகு பிடித்த வக்கீல் அதைக் கண்டுபிடித்துக் குதித்தார். "நீதிமன்றத்துல தேதியத் திருத்திடலாம்! உங்கப்பா தெரிஞ்சே பொய்த் தேதி கொடுத்தாருன்னு நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்."

4

'பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு' என்று இந்தப் பகுதியைத் தொடங்கினேன். அடித்துவிட்டேன். தாமியானின் மனம் கல்லில்லை. வேலையில்லாத ஒரு வருடம் யாரையும் கொஞ்சம் கெட்டிப்படுத்தும், அவ்வளவுதான். அவன் அன்று சமையலறையில் சொன்னது இது:

"தாத்தா ஒரு ரொட்டிக்காக என் வாழ்க்கைய வித்துட்டாரு."

நெலிதா குடித்துக்கொண்டிருந்த மாத்தேக் குடுவையை, அந்த ஊர் மூலிகைத் தேநீரை, கீழே வைத்தார். "அந்த ரொட்டியத் தின்னுதான்டா எங்கம்மாவுக்குப் பால் சுரந்துது. அந்தப் பால்ல வளந்தவ பெத்த புள்ளடா நீ."

"தப்புதான் கிழவி. சொல்லிருக்கக் கூடாது" என்றான் அவன். ஆனாலும் வெந்நீர்க் கெண்டியை எடுத்து அவருக்கு ஊற்றிக் கொடுக்கவில்லை. ஊற்றுவது எப்போதும் அவன்தான்.

அன்று மாலை படிக்கட்டில் என்னை நிறுத்தினார் நெலிதா. "தம்பி, எனக்கு ஒரு பயம். அப்பா பேரு கெட்டுடும்னு சாக்குச் சொல்லி, புள்ளையப் போகவிடாமப் புடிச்சு வச்சுக்கப் பாக்கறேனோ? எது எதுன்னு எனக்கே பிரிக்கத் தெரியல."

எனக்கும் தெரியவில்லை. இந்தப் பாத்திரத்தை நான் சந்தேகித்த இடம் இதுதான். ஒரு தாய் இவ்வளவு துல்லியமாகத் தன்னையே கேட்டுக்கொள்வாளா, நான்தான் எழுதிக்கொடுக்கிறேனா என்று. இல்லை, அவர் கேட்டார். அப்போது அவர் கையில் துணி உலர்த்தும் கவ்விகள் இருந்தன.

* (அடிக்குறிப்பு. இதைப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். 1999இல் நான் அர்ஜென்டினாக் குடிமகன் ஆனேன். நம் நாடு இரட்டைக் குடியுரிமையை ஒப்புக்கொள்வதில்லை. கையெழுத்துப் போட்டு இந்தியப் பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன், ஓரத்தை வெட்டித் திருப்பித் தந்தார்கள். கும்பகோணத்துக்கு ஃபோன் செய்து சொன்னேன். அப்பா கேட்டார்: "அப்ப இனிமே நீ வீட்டுக்கு வரணும்னா விசா வாங்கணுமாப்பா?" அடுத்த வருடம் அவர் இறந்துபோனார். விசா வர ஆறு நாள் ஆயிற்று. நான் போய்ச் சேர்ந்தபோது சாம்பல்கூடக் கரைத்தாகிவிட்டது. ரொட்டியிலிருந்து வந்தது என்று சொன்னேனே, அந்தக் கதை இங்கிருந்துதான் வந்தது.)

6

(ஐந்தாம் பகுதியை எடுத்துவிட்டேன். அதில் தாமியான் காகிதங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதான். நன்றாகத்தான் வந்திருந்தது. ஆனால் அது சினிமா.)

டிசம்பர் முப்பது, திங்கட்கிழமை. ஜனவரி முழுக்க அங்கே நீதிமன்றங்களுக்கு விடுமுறை. அன்று மதியம் ஒரு மணிக்குள் நெலிதா கையெழுத்துப் போட்டால் திருத்தின சான்று உடனே வந்துவிடும். தாமியானுக்குத் தூதரகம் கொடுத்திருந்த நாள் ஜனவரி இருபது. அதைத் தவறவிட்டால் அடுத்த முறை வர நான்கு வருடம். தூரின் வேலை நான்கு வருடம் காத்திருக்காது.

நீதிமன்ற அலுவலகத்தில், குடும்பத்தை அறிந்த சாட்சி என்று நானும் கூட உட்கார்ந்திருந்தேன். தாமியான் வராந்தாவில் நின்றான். குமாஸ்தா வாக்குமூலத்தை வாசித்தார்: "என் தந்தை, ஆதாயம் கருதி, உண்மையை அறிந்தே, அரசுக்குப் பொய்யான தேதியைக் கொடுத்தார் என்று சத்தியமாகச் சொல்கிறேன்."

"ஐயா, அந்த 'ஆதாயம் கருதி'ங்கறத எடுத்துட முடியுமா?"

"எடுத்தா காரணமே இல்லாமப் போயிடும்மா. காரணம் இல்லாம நீதிபதி தேதிய மாத்த மாட்டாரு."

"அவரு ஆதாயத்துக்குச் செய்யல."

"செத்துப்போனவர யாரும் உள்ள தள்ளப் போறதில்லம்மா. ஒரு வார்த்தைதான். போட்டுட்டு வீட்டுக்குப் போய்ப் புதுவருஷம் கொண்டாடுங்க."

அன்று வீட்டு மேசையில் பான் துல்சே இல்லை. ஐம்பத்து நாலு வருடத்தில் முதல் முறை.

7

முடிவு ஒன்று: கையெழுத்துப் போடுகிறார். தாமியான் போகிறான். ஜனவரி மூன்றாம் தேதிகளில் தூரினிலிருந்து ஃபோன் வருகிறது. டிசம்பர் முப்பதாம் தேதி இனி யாருக்கும் எதுவும் இல்லை. ஒரு கொல்லர் தன் மகளுக்காகச் செய்த ஒரே திருட்டு, ஏட்டில் திருட்டாகவே நிற்கிறது.

முடிவு இரண்டு: போடவில்லை. தாமியான் வாடகைக் கார் ஓட்டுகிறான். தினமும் வீட்டில் இருக்கிறான், தினமும் கொஞ்சம் குறைவாகப் பேசுகிறான். நெலிதா தன் அப்பாவைக் காப்பாற்றிவிட்டு, மகனுக்கு எதிரில் —

இதை முடிக்க வரவில்லை.

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். பக்கத்து நாற்காலியில் இருந்தவன் நான். ஆனாலும் எழுத மாட்டேன், ஏனென்றால் அதற்கு முன்னால் ஒன்று நடந்தது. மணி பன்னிரண்டு ஐம்பது. நெலிதா பேனாவை எடுத்தார், வைத்தார், என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீயும் ஒருநாள் இப்படிக் கையெழுத்துப் போட்டவன்தானே. உங்கப்பா என்ன சொன்னாரு?"

"சந்தோஷப்பட்டாரும்மா. ரொம்ப சந்தோஷம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? தாமியானுக்காகவா, நெலிதாவுக்காகவா, அல்லது அப்படி ஒரு பதிலை ஒருமுறையாவது என் காதால் கேட்க வேண்டியிருந்ததா? எது எதுவென்று பிரிக்கத் தெரியவில்லை. அதன் பிறகு அவர் செய்ததை எழுதினால், போட்டாலும் சரி போடாவிட்டாலும் சரி, அது என் பொய்யின் மேல் நிற்கும். என்னைத் திருத்த எந்தக் கோயில் ஏட்டிலும் சரியான தேதி இல்லை.

அதனால் என் பதிலை அடித்துவிடுகிறேன். நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். குமாஸ்தா கடிகாரத்தைப் பார்க்கிறார். வராந்தாவில் தாமியான் சுவரில் சாய்ந்து நிற்கிறான். நெலிதா உங்களிடம் இப்போதுதான் கேட்டிருக்கிறார், உங்கள் அப்பா என்ன சொன்னார் என்று. பதில் வரும்வரை அவர் பேனாவை எடுக்க மாட்டார்.