மேடேறி வந்தவளின் பிரஷர்

காலையில் அடுப்பு மூட்டுகிறேன். சோளமாவு கிண்டுகிறேன். எருமைக்குத் தழை போட்டுவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறேன்.

தழை அறுப்பது என் மனைவி ஜுனேலியின் வேலையாக இருந்தது. எங்கள் நேபாள மலையில் பாரத்தை நெற்றிப் பட்டையில் தொங்கவிட்டுத்தான் சுமப்பார்கள். கூடை முதுகில் கிடந்தாலும் கனமெல்லாம் கழுத்துக்கு. போன மழைக்காலத்தில் அவளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. தழை வெட்ட அண்ணாந்தால் தலை சுற்றியது.

"வாத்தியார் பொண்டாட்டில்ல, மயக்கம் வராம என்ன செய்யும்?" என்றாள் என் அம்மா.

போகிற வழிதானே என்று ஜுனேலி தழைக்கூடையோடு மேட்டுச் சுகாதார நிலையத்துக்கு ஏறினாள். ஊழியன் டம்பர், கூடையை இறக்கியதுமே அவள் கையில் துணிப்பட்டையைக் கட்டி பிரஷர் பார்த்தான். மேடேறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. அளவு அதிகம் என்று மாத்திரை கொடுத்தான். கழுத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மாத்திரை போட்ட பிறகு குனிந்து நிமிர்ந்தாலே கண் இருட்டியது. மறுபடி ஏறினாள். மறுபடி அப்படியே பார்த்தான். மாத்திரையைக் கூட்டினான்.

வரப்பில் பாரத்தோடு எழுந்தவள் சரிந்து கீழ் வயலில் விழுந்தாள். தூக்கும்போதே உயிரில்லை.

துக்கத்துக்கு வந்த டம்பர், "அண்ணிக்கு பிரஷர் ஜாஸ்தி மாஸ்டர், நான் அப்பவே சொன்னேன்" என்றான். எங்கள் வழக்கப்படி துக்கத்துக்கு வெள்ளைத் துணி கட்டியிருப்பவன் யாரையும் தொடக் கூடாது. அதனால் என் கையில் அடிபடாமல் தப்பித்தான்.

துக்கம் முடிந்து வெள்ளைத் துணி மாற்றிய அன்று கூடை நிறையத் தழை அடைத்து, பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு மேடேறினேன்.

"பாருடா எனக்கு."

பார்த்தான். "மாஸ்டர், உங்களுக்கும் மாத்திரை..."

"உக்காந்திருக்கேன். கொஞ்சம் கழிச்சு மறுபடி பாரு."

பார்த்தான். அளவு சரியாக இருந்தது. அவன் முகம் செத்துப்போனது.

"எல்லாரும் இப்படித்தான் ஏறி வர்றாங்க மாஸ்டர். கூட்டம் நிக்குது. நான் என்ன பண்ண?"

"உக்கார வைடா! அதுக்கு என்னடா கேடு உனக்கு?"

கூடையை அவன் மேஜைமேல் கவிழ்த்தேன். காத்திருந்த பெண்களில் ஒருத்தி பாரத்தை இறக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

ஜுனேலி கடைசியாக என்னிடம் பேசியது, வரப்பில் விழுந்த அன்று காலை, மாத்திரையை விழுங்கிவிட்டு.

"கழுத்து வலின்னு போனா கையைக் கட்டிப் பாக்குறாங்க அந்த டம்பர். பல்வலின்னு போனா எதைக் கட்டுவானோ!"